அத்தையின் நாக்கு

என் கல்யாணப் பேச்சு இரண்டு கிணறுகளில் விழுந்து முங்கிப் போனது. இரண்டு தடவையும் தள்ளிவிட்டவள் என் அத்தை. என்னோடு விளையாடிய பெண்களெல்லாம் இடுப்பில் ஒரு பிள்ளையும் கையில் ஒரு பிள்ளையுமாகப் பண்டிகை நோம்பிக்குப் பிறந்த வீடு வந்து போய்க்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் அப்பா வீட்டில் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தேன். ஏன் என்று கேட்டவர்களிடம் யாரும் என் நிறத்தைக் குறை சொல்லவில்லை, ஜாதகத்தைக் குறை சொல்லவில்லை. "மாப்பிள்ளை ஊட்டுக் கெணத்துத் தண்ணி அவ அத்தை நாக்குக்கு ஒத்துக்கலையாமா" என்றார்கள். சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? எனக்கல்லவா எரிந்தது!

அத்தை என் அப்பாவுக்கு மூத்தவள். நாமக்கல் பக்கம் எங்கள் ஊர். உள்ளூரிலேயே அவளைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். எங்கள் தோட்டத்துக்கும் அவள் தோட்டத்துக்கும் நடுவில் ஒரு கிளுவை வேலிதான். அவளுக்குப் பிள்ளை இல்லை. அதனால் எங்கள் வீட்டில் எது நடந்தாலும் அவள் வாயைத் திறக்கும்வரை அப்பா தம் வாயைத் திறக்கமாட்டார். அவள் திறந்த பிறகு இவர் திறந்து பயனில்லை.

அவளைப் பற்றி ஒரே ஒரு சங்கதி சொன்னால் போதும், ஆளைத் தெரிந்துவிடும். எதையும் நாக்கில் வைக்காமல் நம்பமாட்டாள். தண்ணீரானாலும் சரி, தவிடானாலும் சரி. ஒரு தடவை தலைச்சுமையாகச் சவுக்காரக் கட்டி விற்கிறவர் வந்தார். நுரை வரும், வெளுப்பு வரும் என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்க, இவள் ஒரு கட்டியை எடுத்து நாக்கு நுனியில் ஒற்றிக்கொண்டு கண்ணை மூடிவிட்டாள். அந்த ஆள் பதறிப்போனார்.

"ஐயோ, அது திங்கற சாமானில்லீங்க! துணிக்குப் போடறதுங்க!"

"தெரியுது, தெரியுது. காரம் தூக்கலா இருக்குது. துணியோட தோலும் போயிரும். வேண்டாம்."

அவர் அந்தத் தெருவுக்கே அப்புறம் வரவில்லை. எங்கள் துணியெல்லாம் பழையபடி உவர்மண்ணில்தான் வெளுத்தன.

"நாக்குல வெச்சாத்தான் நெசம்" என்பது அவள் வாயில் சதா புரளும் பேச்சு. நாக்கில் வைப்பதற்கு என்று ஒரு தோரணை உண்டு. முதலில் முந்தானையால் உதட்டைத் துடைப்பாள். வலது கையால் எடுத்து வைப்பாள். கண்ணை மூடுவாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பாள். அந்த நேரத்தில் ஆடு கத்தினால்கூட அதட்டுவாள். கோயிலில் பூசாரிக்கு அருள் வருகிறபோது இருக்குமே ஒரு அமைதி, அப்படி எல்லாரும் காத்துக்கொண்டு நிற்போம். கண்ணைத் திறந்து தீர்ப்புச் சொல்வாள்.

ஆனால் நாக்கோடு அவள் நிறுத்திக்கொள்வதில்லை. முந்தானை முடிச்சில் ஒரு துண்டு மஞ்சளும், காகிதத்தில் மடித்த சோடா உப்பும் எப்போதும் இருக்கும். சோடா உப்பு எதற்கு என்கிறீர்களா? மோர் புளித்துவிட்டதா என்று பார்க்க. நாக்கில் ஒரு சொட்டு வைத்துக் கண்ணை மூடி யோசித்துவிட்டு, அப்புறம் சொம்புக்குள் ஒரு சிட்டிகை சோடா உப்பைப் போடுவாள். புளித்த மோராக இருந்தால் புசுபுசுவென்று பொங்கி வரும். பொங்கவில்லை என்றால் நல்ல மோர்.

அம்மா ஒருநாள் பொறுக்கமுடியாமல் நாத்தனாரிடம் கேட்டுவிட்டாள். "நாக்குதான் இருக்குதுங்களே நங்கை, அப்புறம் சோடா உப்பு எதுக்குங்க?"

"நாக்கு சொன்னதுக்குச் சாட்சி வேண்டாமா?" என்றாள் அத்தை.

சாட்சியோடு பேசுகிறவளிடம் யார் வாயைக் கொடுப்பது!

மஞ்சள், தண்ணீர் பார்ப்பதற்கு. ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கலந்தால் ரத்தமாகச் சிவக்கிறதல்லவா, அதே சங்கதிதான். வெள்ளைத் துணியில் மஞ்சளை இழைத்துத் தடவி, அதைக் கிணற்றுத் தண்ணீரில் நனைத்துக் காற்றில் பிடிப்பாள். உவர்த் தண்ணீராக இருந்தால் துணி காயக் காய மஞ்சள் செந்நிறமாகத் திரும்பும். நல்ல தண்ணீராக இருந்தால் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும். எங்கள் சீமையில் பாதிக் கிணறு உவர்தான். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோறு நிறம் மாறும், பானைக்குள் வெள்ளையாகப் பொரிந்து நிற்கும். ஆக அவள் பார்ப்பதில் நியாயம் இல்லாமல் இல்லை.

நிலம் வாங்குவதற்கும் அவளைத்தான் கூட்டிப்போவார் அப்பா. வடக்கே ஒரு மேட்டு நிலம் விலைக்கு வந்தது. அத்தை ஒரு சிட்டிகை மண்ணை வாயில் போட்டுக் கண்ணை மூடினாள். நிலத்துக்காரர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. மண்ணைத் துப்பிவிட்டு, மடியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கடித்துப் பிளந்து, மண்கட்டி மேல் பிழிந்தாள். கட்டி சலசலவென்று நுரைத்தது. "சுண்ணாம்புச் சுக்கான் மண்ணு. வேண்டாம்" என்று நடையைக் கட்டிவிட்டாள். அப்பாவும் பின்னாலேயே வந்துவிட்டார். அந்த நிலத்தை வேறொருவர் வாங்கிக் கடலைக்காய் போட்டார். என்ன விளைச்சல் என்கிறீர்கள்! மூட்டை மூட்டையாக வண்டியில் ஏற்றி எங்கள் வாசல் வழியாகத்தான் கொண்டுபோனார், வேண்டுமென்றே. அத்தை அசையவில்லை. "சுண்ணாம்பைத் தின்னு வளர்ற பயிரு. அது அப்பிடித்தான் வெளையும்" என்று அதற்கும் ஒரு தீர்ப்புச் சொன்னாள். நிலம் போனது எங்களுக்குத்தான்.

இத்தனை நாக்குப் பெருமை உள்ளவள் சமைக்கிற ரசத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். கடவுளே! ஒரு நாள் புளி மட்டும் இருக்கும், ஒரு நாள் உப்பு மட்டும் இருக்கும். இரண்டும் சேர்ந்து இருக்கிற நாளும் உண்டு. "உங்கத்தை ரசத்துல பித்தளைக் குடத்தைத் தேச்சா பளபளன்னு வந்துரும்" என்பாள் அம்மா. அத்தை வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டால் எங்களுக்கு அன்று வயிற்றுவலி வரும், பல்வலி வரும், கன்றுக்குட்டி காணாமல் போகும். சாப்பிட்டது ஒரே ஒரு மனிதர்தான், மாமா. அத்தையைக் கட்டிக்கொண்டவர், சாப்பிட்டுத்தானே ஆகவேண்டும். அதிலும் வட்டிலைத் தூக்கிக் குடித்துவிட்டு, "நல்லாருக்குது. இன்னொரு கரண்டி ஊத்து" என்பார். பேச்சே இல்லாத மனிதர். மாட்டிடம் பேசுவார், கவலை ஓட்டித் தண்ணீர் இறைக்கும்போது. வீட்டில் பேசுவது இந்த இரண்டு வாக்கியம்தான். அவருக்கு நாக்கே கிடையாது போலிருக்கிறது என்று நாங்கள் எங்களுக்குள் சொல்லிச் சிரிப்போம்.

இன்னொன்று. அத்தை வெற்றிலை போடுவாள், நாள் முழுக்கப் போடுவாள். சுண்ணாம்பு மட்டும் தொடமாட்டாள். சுண்ணாம்பு டப்பியை யாராவது நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சுண்ணாம்பு இல்லாத வெற்றிலை மாடு தின்கிற தழைதானே என்று கேலி செய்வோம். அவள் பதில் சொன்னதில்லை. எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறவள் இதற்கு மட்டும் சொன்னதில்லை என்பது அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை.

சரி, என் கிணறுகளுக்கு வருகிறேன்.

முதல் மாப்பிள்ளை மேச்சேரிப் பக்கம். பட்டி நிறைய ஆடு. அப்பாவும் அத்தையும் மாமாவும் வண்டி கட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனார்கள். வீடு தேடி ஒரம்பரை, விருந்தாளி வந்தால் முதலில் தண்ணீர் கொடுக்கவேண்டுமே, கொடுத்தார்கள். அத்தை குடித்தாள், கண்ணை மூடினாள், மஞ்சளை இழைத்தாள், துணி சிவந்தது, எழுந்துவிட்டாள். சரி, உவர் என்றால் உவர், நானும் மனசைத் தேற்றிக்கொண்டேன்.

இரண்டாவது ஆத்தூர்ப் பக்கம். ஆற்றோர நிலம், நல்ல தண்ணீர் என்று ஊரெல்லாம் பேர். அப்பா சந்தோஷமாகப் போனார். திரும்பி வந்தபோது முகம் தொங்கிக்கிடந்தது. அம்மாவிடம் சொன்னதை நான் அடுப்படியிலிருந்து கேட்டேன்.

"மஞ்சள் துளிகூட மாறலை. தண்ணி தேனாட்டம் இருந்துச்சு, நானே குடிச்சேன். மூத்த மருமகதான் கொண்டாந்து குடுத்துச்சு. அடக்கமான பொண்ணு, வாயே தொறக்கலை. நல்ல குடும்பம். ஆனா அக்கா நாக்குக்கு ஒத்துக்கலைன்னு எந்திரிச்சுட்டா."

"மஞ்சளே மாறலையே?"

"நான் என்ன பண்ணட்டும்? நாக்கு அவளுது."

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மஞ்சள் சாட்சி சொன்னாலும் கேட்காத நாக்கு என்ன நாக்கு! வேலியோரம் அத்தை நின்று "அம்மிணி" என்று கூப்பிட்டாள். காதில் விழாத மாதிரி உள்ளே போய்விட்டேன். இவளுக்குத்தான் பிள்ளை இல்லை, நானும் இப்படியே நிற்கவேண்டும் என்று நினைக்கிறாளோ என்றுகூட நினைத்தேன். அந்த நினைப்பு எனக்கு இருந்தது, ஆமாம்.

இதற்கு நடுவில் என் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை புதுச்சத்திரம் பக்கம். பந்தியில் மோர் ஊற்றிக்கொண்டு வந்தார் ஒருவர், மாப்பிள்ளைக்குப் பக்கத்துத் தோட்டம். என் இலைக்கு வந்ததும், "இது புளிக்காதுங்க, பயப்படாமக் குடிங்க. உங்க அத்தை சோடா உப்புப் போட்டுப் பாத்துட்டாங்க" என்றார். பந்தியே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபோது அவரை நிமிர்ந்து பார்த்தேன். பார்த்ததோடு விட்டிருக்கலாம், விடவில்லை. எனக்கு அவரைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அந்த மோர் வயிற்றுக்குள் போவதற்குள் தோன்றிவிட்டது.

அவர்கள் வீட்டிலிருந்தே கேட்டு அனுப்பினார்கள். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சம்மதம். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. ஏனென்றால் அந்தத் தோட்டத்துக் கிணறு உவர் என்பது ஊரறிந்த விஷயம். அங்கே பருப்பு வேகவைப்பதற்குள் விறகு தீர்ந்துவிடும் என்று சித்தப்பா மகளே சொல்லியிருந்தாள். அத்தை போனால் மஞ்சள் சிவக்கும். மஞ்சள் சிவந்தால் எழுந்துவிடுவாள். இந்தக் கிணற்றோடு என் கதை முடிந்தது.

சித்தப்பா மகளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் ஊருக்குப் போய் என்ன சொன்னாளோ, எனக்குத் தெரியாது. அத்தையும் மாமாவும் அப்பாவும் வண்டியேறிப் போனார்கள். நான் அன்று முழுக்க வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் உட்கார்ந்து சாம்பலைப் போட்டு ஏற்கனவே துலக்கின பாத்திரங்களையே மறுபடி துலக்கிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் பொழுதோட வண்டி வந்தது. அத்தை இறங்கியதும் இறங்காததுமாக, "தண்ணி கல்கண்டாட்டம் இருக்குது. முடிச்சிரலாம்" என்றாள்.

நான் ஒரு சட்டியைக் கீழே போட்டு உடைத்தேன். அப்பா நேரே தண்ணீர்ப் பானைக்குப் போய், சொம்பு மாற்றிச் சொம்பு மொண்டு குடித்தார். வழியெல்லாம் வெயில் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாணம் முடிந்து அந்த வீட்டில் முதல் தடவை பருப்புப் போட்டேன். பொழுது ஏறியது, பருப்பு கல்லாகவே கிடந்தது. தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்த்தேன். அசல் உவர். பானைக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகப் பொரிந்திருந்தது. இதையா கல்கண்டு என்றாள்? அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"உன்ற சித்தப்பா மக வந்து எல்லாத்தையும் சொல்லுச்சு. மஞ்சள் செவந்தாப் போச்சுன்னுச்சு. சுண்ணாம்பு பட்ட மஞ்சக்கறையில எலுமிச்சம்பழம் புழிஞ்சா மறுக்காவும் மஞ்சளாயிருமில்ல? அதான், மரத்துல இருந்த பழத்தையெல்லாம் பறிச்சுக் குடத்துல புழிஞ்சுட்டேன்."

"ஐயோ! எத்தனை பழம்?"

"பயத்துல எண்ணலை. மஞ்சள் மாறலை, ஜெயிச்சுட்டோம்னு நெனைச்சேன். அப்புறந்தான் உறைச்சுது, குடிச்சா வாய் கூசுமே! உங்கத்தை சொம்பைத் தூக்குனாங்க. முழுச் சொம்பையும் குடிச்சுப்போட்டுக் கண்ணை மூடுனாங்க. மூடிட்டு, 'கல்கண்டாட்டம் இருக்குது'ங்கறாங்க! அதுக்கப்புறம் உங்க மாமா குடிச்சாரு. அவரும் 'ஆமா, கல்கண்டு'ங்கறாரு. உங்கய்யன் குடிச்சாரு. கண்ணுல தண்ணி வந்துருச்சு. அக்காளப் பாத்தாரு, மாமனப் பாத்தாரு, அவரும் தலையை ஆட்டிட்டாரு."

விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்து ஓய்ந்த பிறகு ஒன்று குத்தியது. உப்பையும் உவரையும் ஒரு சொட்டில் கண்டுபிடிக்கிறவள், மரத்துப் பழம் அத்தனையும் பிழிந்த தண்ணீரைக் குடித்துவிட்டா கல்கண்டு என்றாள்?

ஆடிக்கு எங்களை அழைத்திருந்தார்கள். போனதும் வேலியைத் தாண்டி அத்தை வீட்டுக்குப் போனேன். அடுப்படியில் தனியாக உட்கார்ந்து புளி ஊறவைத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, நெசத்தைச் சொல்லுங்க. அந்தத் தண்ணி எப்பிடி இருந்துச்சு?"

"எந்தத் தண்ணி?"

"எங்க ஊட்டுத் தண்ணி. கல்கண்டுத் தண்ணி."

அவள் என்னைப் பார்த்தாள். புளியைப் பார்த்தாள். பிறகு கதவைப் பார்த்துவிட்டு, "மாமன் எங்கிருக்குறாரு?" என்றாள்.

"மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு இருக்குறாருங்க."

"எனக்கு நாக்குல ஒண்ணும் தெரியாது அம்மிணி" என்றாள். "கல்யாணமாகி வந்த புதுசுலேயே போயிருச்சு."

அவளே சொன்னாள்.

"அப்ப எனக்குச் சின்ன வயசு. பொறந்த ஊடு வேலிக்கு அக்கட்டால தெரியும். இருந்தும் என்ன, பசிக்குதுன்னு வேலி தாண்டி ஓடமுடியுமா? என் மாமியா பொல்லாதவ இல்லை. ஆனா அவ 'சாப்பிடு'ன்னு சொல்ல மறந்துருவா, எனக்குக் கேக்க வாய் வராது. ஒருநாள் பசி தாங்கலை. மூலையில ஒரு பானை இருந்துச்சு. எட்டிப் பாத்தா வெண்ணெய். வெள்ளை வெளேர்னு. யாரும் வாரதுக்குள்ளன்னு ஒரு கை அள்ளி வாயில போட்டுட்டேன். செவுத்துக்கு அடிக்க நனைச்சு வெச்ச சுண்ணாம்பு சாமி அது."

"ஐயோ அத்தை!"

"கத்த முடியுமா? கத்துனா, திருடித் தின்னான்னு ஆயிருமே. சீலைய வாயில அடைச்சுட்டு உக்காந்திருந்தேன். நல்ல நேரம், அடுப்படியில யாரோ ஒரு சொம்பு புளிச்ச மோரை மறந்து வெச்சுட்டுப் போயிருந்தாங்க. அதை வாயில ஊத்தி ஊத்திக் கொப்புளிச்சுத்தான் எரிச்சல் அடங்குச்சு. புண்ணு ஆறுச்சு, ருசி திரும்பலை. வெளிய தெரிஞ்சா, நாக்கு செத்த பொம்பளை என்னத்தைச் சமைப்பான்னு சொல்லமாட்டாங்களா? அதான், எல்லாத்தையும் எல்லாரு முன்னாலயும் நாக்குல வெச்சுக் காட்ட ஆரம்பிச்சேன். அப்புறம் அதுவே பழகிருச்சு."

எத்தனை பெரிய நாடகம்! சவுக்காரத்தை நக்கினதும், மண்ணைத் தின்றதும், கண்ணை மூடித் தலையைச் சாய்த்ததும்.

"அப்ப எங்க ஊட்டுல எலுமிச்சம்பழம் புழிஞ்சது உங்களுக்குத் தெரியாதாக்கும்?"

"ஏன் தெரியாது? கண்ணு இருக்குதல்ல? சொம்புல ஒரு விதை மெதந்துச்சு. உங்கய்யன் பாத்துறப் போறான்னு அதையும் சேத்து முழுங்கிட்டேன்."

"தெரிஞ்சும் ஏன் சரின்னு சொன்னீங்க? ஆத்தூர்ல நல்ல தண்ணியவே வேண்டாம்னீங்களே!"

"தண்ணியப் பாக்கவா போறேன் நானு? ஆத்தூர்க்கார ஊட்டுல அந்த மூத்த மருமக, மத்தியானம் தாண்டியும் ஒருவாய் தின்னலை. உதடு காஞ்சு கெடந்துச்சு. சொம்பைக் குடுத்துட்டு மாமியா மூஞ்சியவே பாத்துட்டு நின்னுச்சு. உங்கய்யனுக்கு அது அடக்கமாத் தெரிஞ்சுது. எனக்கு அது சுண்ணாம்புப் பானையாத் தெரிஞ்சுது. உன்ற ஊட்டுல நாங்க போனப்ப மூத்த மருமக சோறு தின்னுட்டு இருந்தா. ஒரம்பரையக் கண்டதும் எந்திரிச்சா. உன் மாமியா, 'நீ தின்னு சாமி, அவன் தண்ணி குடுப்பான்'னு சொல்லி உக்காரவெச்சுட்டு, மகனை அனுப்புனா. அந்த ஊட்டுல தண்ணி எப்பிடி இருந்தா என்ன? பருப்பு வேகலைன்னா ஒரு சிட்டிகை சோடா உப்பைப் போடு."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். என் மேல் இத்தனை கவனமா என்று கேட்கத் தோன்றியது, கேட்க வாய் வரவில்லை. என் கையை உதறிவிட்டுப் புளியைக் கரைக்க ஆரம்பித்தாள்.

"உங்க மாமனுக்கு இது தெரியாது. சொல்லிப்போடாதே" என்றாள். முகத்தைத் திருப்பாமலே சொன்னாள். "தண்ணிக்கு மஞ்சள் இருக்குது. மோருக்குச் சோடா உப்பு இருக்குது. அந்த மனுசன் தெனமும் நல்லாருக்குது, நல்லாருக்குதுங்கறாரு. அது நெசமா பொய்யான்னு பாக்க நான் எதைப் போட்டுப் பாக்கறது? நல்லாருந்தாச் சரி. நல்லா இல்லாமலே இத்தனை காலமாத் தின்னுட்டிருந்தாருன்னா எனக்கு மனசு தாங்காது அம்மிணி. இன்னிக்கு நீ இங்கயே தின்னுட்டு, எனக்கு நெசத்தைச் சொல்லு."

எழுந்து மாட்டுக்கட்டுத்தாரைப் பக்கம் போனேன். இந்த மனிதருக்கு நிஜமாகவே நாக்கு இல்லையா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

"மாமா, எங்க ஊட்டுத் தண்ணிய ஏனுங்க கல்கண்டுன்னு சொன்னீங்க?"

மாமா மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார். மாட்டிடம் சொல்கிறாரா என்னிடம் சொல்கிறாரா என்று தெரியாத மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"இத்தனை வருசமா அவ ரசத்தைக் குடிச்சுட்டு இருக்கறவனுக்கு எலுமிச்சந்தண்ணி கல்கண்டுதான் சாமி."

அவர் பகடி பேசி நான் கேட்டதே இல்லை. சிரிக்கப் போனவள் நிறுத்திக்கொண்டேன்.

"அப்ப உங்களுக்குத் தெரியுங்களா, அத்தைக்கு..."

"அன்னிக்கு அவ உதட்டுல வெள்ளையா ஒட்டியிருந்துச்சு. சீலைய வாயில வெச்சுட்டு மூலையில உக்காந்திருந்தா. நான் பாத்ததை அவ பாக்கலை. பாத்தேன்னு தெரிஞ்சா வெக்கத்துல செத்துருவா. அதான் மோர்ச் சொம்பை அடுப்படியில வெச்சுட்டு வெளிய வந்துட்டேன்." தொட்டியில் இன்னொரு வாளித் தண்ணீர் ஊற்றினார். "எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியாது. சொல்லிப்போடாதே."

இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொல்லி என் வாயைக் கட்டிவிட்டார்கள். நல்ல ஜோடி!

மத்தியானம் மாமாவுக்கும் எனக்கும் பக்கத்தில் பக்கத்தில் வட்டில் வைத்தாள் அத்தை. ரசத்தை ஊற்றினாள். ஊற்றிவிட்டு, கரண்டியைக் கையில் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆத்தூரில், மேச்சேரியில், புதுச்சத்திரத்தில் முகம் பார்த்துத் தீர்ப்புச் சொன்ன கண்கள். என் முகத்தில் ஒரு சுருக்கம் விழுந்தாலும் கண்டுபிடித்துவிடும். மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே தலையைக் குனிந்திருந்தார். பிசைந்த கை நின்றுவிட்டதை நான் மட்டும் பார்த்தேன்.

வட்டிலைத் தூக்கி ஒரு மடக்குக் குடித்தேன். பல்லெல்லாம் கூசியது. காது மடல் வரைக்கும் புளிப்பு ஏறியது. உப்பு இன்னொரு பக்கம். முந்தானையால் உதட்டைத் துடைத்துக்கொண்டேன். கண்ணை மூடினேன். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தேன். கண்ணை மூடினால் கண்ணில் வருகிற தண்ணீர் வெளியே தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நெசமாச் சொல்லு அம்மிணி. எப்பிடி இருக்குது?"

"நல்லாருக்குதுங்க அத்தை. மாமா சொல்றது நெசந்தானுங்க."

அத்தை பெருமூச்சு விட்டாள். இடுப்பிலிருந்த குடத்தை இறக்கி வைத்தவள் மாதிரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாமா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தம் வட்டிலை அத்தை பக்கமாக நகர்த்தினார்.

"இன்னொரு கரண்டி ஊத்து" என்றார். "அம்மிணிக்கும்."